பண்ணையோடு மாப்பிள்ளை

தீவனம் கலக்கும் உருளையின் வாயைத் தார்ப்பாயால் மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் சுவிட்சைத் தட்ட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார்கள். தீவனத்தில் சேர்க்கும் சிவப்புச் சத்துத் தூளை உலர்ந்தபடியே கொட்டக் கூடாது, எண்ணெயில் குழைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சொன்னது காதில் இறங்குவதற்கு முன்பே ஆட்டி முடித்துவிடுவார்.

அந்த உருளை ஒரு காலத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் சிமென்டும் ஜல்லியும் கலந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்று மீன் பண்ணைக்கு வந்த பிறகும் அதன் முரட்டுத்தனம் குறையவில்லை. சுவிட்சைத் தட்டியதும் ஓர் உறுமல், ஒரு சுற்று, அவ்வளவுதான். திறந்திருந்த வாயிலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பியது. கிளம்பிய மேகம் அவசரப்படவில்லை. நிதானமாக முற்றத்தைக் கடந்து, காயப்போட்டிருந்த வலையில் கொஞ்சம், படுத்திருந்த நாயின் முதுகில் கொஞ்சம் என்று விநியோகித்துக்கொண்டே போய், ஓட்டுநர் உரிமத்துக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்ளத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்துகொண்டிருந்த மச்சானின் மேல் மொத்தமாக உட்கார்ந்தது.

நாய் மட்டும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

மச்சான் கண்களைத் துடைத்தார். சட்டையைப் பார்த்தார். உருளையைப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்து, கடித்த பல்லைத் திறக்காமலே, "பரவாயில்ல மாப்பிள்ளை. நீங்க போய் மூஞ்சியக் கழுவிக்குங்க" என்றார்.

மாப்பிள்ளைக்கு அந்த மேகத்தைவிட அந்தப் 'பரவாயில்ல'தான் நெஞ்சை அடைத்தது.

காரணம் இருக்கிறது. மச்சான் அவர் மனைவியின் அண்ணன், பண்ணைக்குச் சொந்தக்காரர். திட்டுவதில் சூரர். வலைக்காரர் ஒருமுறை மதகைச் சரியாக அடைக்காமல் போனதற்கு அவர் வாங்கிய திட்டு குளத்தங்கரையில் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது என்பார்கள். தீவன லாரி டிரைவர், மோட்டார் மெக்கானிக், பண்ணை நாய், யாருமே அந்த வாய்க்குத் தப்பியதில்லை. திட்டி முடித்த அரை நாழிகையில் கூப்பிட்டு வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். திட்டு வாங்கியவன் அவருடைய ஆள் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை மட்டும் இதுவரை ஒரு திட்டுகூட வாங்கியதில்லை.

அவருடைய ஜெராக்ஸ் கடை படுத்துவிட்டது. ஊரே எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பிக்கொள்ள ஆரம்பித்த பிறகு, நகல் எடுக்க அவருக்கு மிஞ்சியது அவருடைய சொந்த ஆதார் அட்டை மட்டுந்தான். "கொஞ்ச நாள் பண்ணைப் பக்கம் வந்து போங்க மாப்பிள்ளை, பொழுது போகும்" என்று மச்சான் கூப்பிட்டார். வந்தார். வந்தவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள், மச்சானைவிட வயதில் மூத்த வலைக்காரர் உட்பட. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி. இவருக்குப் பூப்போட்ட கோப்பையில், கீழே தட்டு வைத்து. மற்றவர்கள் கரையில் குந்துவார்கள். இவர் தலை தெரிந்தால் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முளைக்கும். ஒரு மூட்டையைத் தொட்டால், "நீங்க ஏன் சிரமப்படறீங்க?" வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எல்லாருக்கும் தெரியும். இவர் பண்ணையோடு மாப்பிள்ளை.

அவர் ஆசைப்பட்டது தீவன அறைக்கு. முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊரில் பெரிய பண்ணைக்குப் போய்விட்டார். சாவி அலுவலகச் சுவரில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் யாராவது எடுப்பார்கள், திறப்பார்கள், மாட்டுவார்கள். அந்தச் சாவி தன் இடுப்பில் ஏறினால் நாற்காலியும் பூப்போட்ட கோப்பையும் தானாக ஒழியும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். மச்சானிடம் கேட்டும் பார்த்தார்.

"பார்க்கலாம் மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

மச்சானின் 'பார்க்கலாம்' பெயர்பெற்றது. தங்கையைப் பெண் கேட்டு வந்தபோதும் இதே பதில்தான். மாப்பிள்ளைக்கு முன்தலை முடி கொட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பார்க்கலாம் 'சரி' ஆனது. இந்த முறை கொட்டுவதற்கு அவரிடம் கையிருப்பும் இல்லை.

அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். மனிதர்களுக்கு அல்ல, மீன்களுக்கு. ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் ரப்பர் பூட்ஸ். போன தடவை குஞ்சுத் தொட்டியிலிருந்து பெரிய குளத்துக்கு மீன்களை மாற்றியபோது, மறுநாள் காலையில் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்ததைக் கேள்விப்பட்டு வந்தவர். அன்றைக்கு மச்சான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சோறு இறங்கவில்லையாம்.

"வெட்டி வச்ச ஆப்பிள் கொஞ்ச நேரத்துல கறுத்துப்போகுது இல்லையா?" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. "வலையில நெருக்கி, வாளியில அள்ளி, புதுத் தண்ணில விட்டா மீன் பயந்துபோகும். அப்போ அதோட உடம்புக்குள்ளயும் கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒண்ணு நடக்கும். ஆப்பிள் மேல எலுமிச்சம்பழத்தைத் தேச்சா கறுக்காம இருக்குதே, அந்த வேலையத்தான் இந்தத் தூள் உள்ள இருந்து செய்யும். ரெண்டு வைட்டமின், கூட சிவப்புப் பாசியிலேருந்து எடுத்த ஒரு சத்து. புஸ்தகத்துல ஆக்சிஜனேற்றத் தடுப்பின்னு போட்டிருக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க."

"அப்போ எனக்கும் தினம் ஒரு ஸ்பூன் கொடுங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "மச்சான் பரவாயில்லன்னு சொன்னாலே எனக்கு உள்ள கறுக்குது."

டாக்டரம்மா சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. டாக்டரம்மா தொடர்ந்தார்:

"தலைவலி மாத்திரை மாதிரி அன்னைக்குப் போட்டு அன்னைக்கே கேக்காது. சில வாரம் முன்னாடியே தின்னு உடம்புல ஊறியிருக்கணும். இடது தொட்டி மீனுக்குத் தூள் கலந்த தீவனம். வலது தொட்டிக்கு வெறும் தீவனம். மத்தபடி தண்ணி, காத்து, அளவு எல்லாம் ஒண்ணு. அப்பத்தான் மாத்தற அன்னைக்கு வித்தியாசம் தெரியும். தெரிஞ்சாத்தான் இதை நம்பி எல்லாக் குளத்துக்கும் போடலாமான்னு நானும் சொல்ல முடியும். தினமும் ஒரே ஆள் போடணும். யார் போடுவாங்க?"

எல்லாரும் ஆளுக்கொரு வேலையைச் சொன்னார்கள். வேலை இல்லாத ஒரே ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா, "இவரே பாத்துக்கட்டுமே" என்று சொல்லிவிட்டார். மச்சானால் வெளியாட்கள் முன்னால் மாப்பிள்ளையை மறுத்துப் பேச முடியாதே!

அப்படிக் கிடைத்த வேலையின் முதல் நாள்தான் அந்த மேகம். உரிமத்துக்கு எடுத்த புகைப்படத்தில் மச்சானுக்கு ஒரு காது மட்டும் வெட்கப்பட்டதுபோல் சிவந்திருந்தது. அதற்கும் பரவாயில்ல.

மறுநாளிலிருந்து மாப்பிள்ளை திருந்திவிட்டார். தார்ப்பாயைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். தூளை எண்ணெயில் கட்டி தட்டாமல் குழைத்தார். உருண்டைகள் செந்நிறமாகப் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தான் பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வலைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, நேத்து மழை பெஞ்சுது, இன்னைக்கு வெயிலடிக்குதே?" என்றார்.

"உமக்கென்னய்யா, திட்டு வாங்கற பாக்கியசாலி" என்றார் மாப்பிள்ளை.

"பாக்கியமா? வேணும்னா என் பங்கையும் எடுத்துக்க. மதகுக்கு வாங்கினதை இன்னும் செலவழிக்கவே இல்ல."

தீவனம் போடுவது சுகமான வேலையாக இருந்தது. காலையில் தொட்டிகளின் மேல் வலைக்கூரையின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும். காற்றுக் குழாயிலிருந்து குமிழிகள் கொதிப்பதுபோல் கிளம்பும். வெளிறிய நிறத் திலேப்பியா மீன்கள். தண்ணீருக்குள் எலுமிச்சைத் தோல் நகர்வதுபோல் இருக்கும். முதலில் இவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே அடியில் போய் ஒளிந்துகொண்டன. செருப்பை வாசலிலேயே விட்டார். முணுமுணுத்துக்கொண்டு வரும் பாட்டை நிறுத்தினார். அதன்பின் இவர் நிழல் விழுந்தாலே வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக மேலே வந்தன. தன்னைக் கண்டதும் நாற்காலி தேடாத ஜீவன்கள் பண்ணையில் இவை மட்டுந்தான் என்று மாப்பிள்ளைக்கு அவற்றின்மேல் ஒரு தனிப் பிரியம் விழுந்தது.

வினை அங்கேதான் பிடித்தது.

இடது தொட்டிக்குச் சிவப்பு உருண்டைகளைத் தூவிவிட்டு வலது பக்கம் திரும்பினால், அங்கே அத்தனை வாய்களும் திறந்திருக்கும். பழுப்பு உருண்டையைப் போடுவார். தின்னத்தான் தின்றன. ஆனால், தின்றுவிட்டு ஓரத்துக்கு வந்து, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்தையே அவை பார்ப்பதாக மாப்பிள்ளைக்குத் தோன்றியது. மீனுக்குச் சுவருக்கு அப்பால் என்ன தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டும் பயனில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு! அந்த நாளில் அவர் வீட்டில் அப்பா தம்பிக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. நாளைக்கு வலையில் நெருங்கி வாளியில் துள்ளப்போவது இதுகளுந்தானே? இதுகளுக்கு மட்டும் உள்ளே கறுத்தால் பரவாயில்லையா?

பரவாயில்ல என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வாளியின் அடியில் மிஞ்சிய சிவப்பு உருண்டைகளில் ஒரு பிடி வலது தொட்டிக்குப் போயிற்று. "இது இன்னைக்கு மட்டும்" என்று மீன்களிடம் கறாராகச் சொன்னார். மீன்கள் மறுநாளும் அதே இடத்தில் வந்து நின்றன. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் குணம் இருவரிடமும் இல்லை. அதன்பின் உருளையில் கொஞ்சம் தாராளமாகவே கலந்து, வேண்டுமென்றே மிச்சம் வைக்க ஆரம்பித்தார்.

வீட்டில் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவர். கறை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

"என்னங்க இது, ரெண்டு கையும் சிவந்திருக்கு?"

"தீவனம் கலக்கறேன்ல."

"கலக்கறதுக்குக் கையுறை கொடுத்திருக்காங்க. போடறதுக்கு அகப்பை இருக்கு. வெறுங்கையால அள்ளி யாருக்குப் போட்டீங்க?"

மாப்பிள்ளை தட்டில் இருந்த சோற்றைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"பரவாயில்லன்னு சொல்வார். வேறென்ன சொல்லிடப்போறார்? உன்னைத் திட்டற மாதிரி என்னை ஒருநாள் திட்டச் சொல்லு பாப்போம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திட்டு வேணும்னு சிபாரிசுக்கு வர்ற ஒரே ஆள் நீங்கதான்." பிறகு ரசத்தை ஊற்றப் போன கையை நிறுத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "அண்ணன் வெளியாளைத் திட்டமாட்டார். உங்களை இன்னும் விருந்தாளியாத்தான் நெனச்சுக்கிட்டிருக்கார். கடை மூடினதுக்கு மனசு நொந்திருப்பீங்கன்னு தாங்கறார். பரிதாபம்."

அந்தக் கடைசிச் சொல் மாப்பிள்ளையை முள்ளாகத் தைத்தது. தெரியாத சங்கதி அல்ல. ஆனாலும் அடுத்தவர் வாயால் கேட்டால் அதன் எடையே வேறு.

மாற்றும் நாள் வந்தது. அதற்கு முந்தைய நாள் முழுக்க மீன்களுக்குப் பட்டினி. வயிறு நிறைந்திருந்தால் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல், மாப்பிள்ளை தொட்டிப் பக்கமே போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. வலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையை அணைத்துக்கொண்டு வந்தார். மீன்கள் நெருங்கின, துள்ளின, வாளியில் விழுந்தன. மாப்பிள்ளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். யாரும் நாற்காலி போடவில்லை, போட நேரமில்லை. வாளி கை மாறியது. குளத்தின் நடுவே வலைத் தடுப்பு. இந்தப் பக்கம் இடது தொட்டி மீன், அந்தப் பக்கம் வலது தொட்டி மீன். கடைசி வாளியைச் சாய்த்தபோது மாப்பிள்ளையின் முதுகு இரண்டாக ஒடிந்துவிட்டிருந்தது. ஒடிந்த முதுகோடு அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

மறுநாள் காலை எல்லாரும் கரைக்கு வந்தார்கள். மச்சான் முதல் ஆளாக வந்து, குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நீயே பாரு. பாத்துட்டுச் சொல்லு" என்றார் வலைக்காரரிடம்.

வலைக்காரர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அங்கொண்ணு, இங்கொண்ணு கெடக்கு. அவ்வளவுதான் முதலாளி. மிச்சமெல்லாம் உள்ள நீந்துது. திரும்பிப் பாருங்க."

மச்சான் திரும்பினார். போன தடவை வெள்ளை விரிப்பாகக் கிடந்த குளம் பச்சையாக, சும்மா ஒரு குளமாகக் கிடந்தது. அவர் தோள் ஒரு சாண் இறங்கியது. டாக்டரம்மா ஒரு கை தீவனத்தை இந்தப் பக்கம் தூவினார். மீன்கள் வந்தன. அந்தப் பக்கம் தூவினார். அங்கும் வந்தன.

"இது எப்படி?" என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு அலைக்கழிச்ச பிறகு தூள் சாப்பிடாத மீன் ஒண்ணு ரெண்டு நாளாவது அடியில கிடந்து முறுக்கிக்கும்னு பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி வருதே?"

கைவலையை எடுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றைப் பிடித்தார். ஈரக் கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். செதிலின் ஓரத்திலும் வயிற்றின் அடியிலும், வெற்றிலை போட்ட உதடுபோல, லேசான ஒரு சிவப்பு.

மீன் பொய் சொல்லாது. மச்சானின் காதில் ஏறிய அதே சிவப்பு.

டாக்டரம்மா மீனைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார். கூடவே எல்லாரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டியது தப்பு என்று உடனே தெரிந்து முன்னால் கொண்டு வந்தார்.

"நான்தான் டாக்டர். தினமும் கொஞ்சம் அதுங்களுக்கும் போட்டேன். வாயைத் திறந்துக்கிட்டு நின்னுது. மனசு கேக்கல."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"மனசு கேக்காத அளவு."

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் உதட்டின் ஓரம் ஆடியது. "போச்சு. மீன் பிழைச்சுது, பரிசோதனை செத்துப்போச்சு. தூளால பிழைச்சுதா, நீங்க சத்தம் போடாம நடந்ததால பிழைச்சுதா, இல்ல நேத்து வெயில் குறைவா இருந்ததாலயான்னு இப்போ நான் என்னன்னு சொல்ல? மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள்.

மச்சான் வாயைத் திறந்தார். "பரவா..." என்றார்.

அதற்குமேல் அந்தச் சொல் வரவில்லை. காது இரண்டும், இந்தத் தடவை தூள் படாமலே, சிவந்தன.

"அறிவிருக்கா மாப்பிள்ளை உங்களுக்கு?" என்று ஒரு சத்தம். வரப்பில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது. "ரெண்டு தொட்டிய ரெண்டு தொட்டியா வச்சுக்கச் சொன்னா அதுக்குள்ள சம்பந்தம் கலக்கறீங்களே! அந்தம்மா வேலைவெட்டி இல்லாமலா வாரா வாரம் ஸ்கூட்டர்ல வந்து போறாங்க? என் லைசென்ஸ்ல ஒரு காது பழுத்துக் கெடக்கு, அதைக்கூட விழுங்கிட்டேன். மீனுக்குப் பாவம் பாத்தீங்களே, என்னைப் பாத்து ஒருநாள் பாவம் பாத்தீங்களா? சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டத் தெரியுது, மேல மண்டைன்னு ஒண்ணு சும்மா ஆடறதுக்கா இருக்கு?"

மூச்சு வாங்க நிறுத்தினார். திட்டிலும் 'நீங்க'வை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு இரட்டிப்பு உழைப்பு.

மாப்பிள்ளை கோடைமழையில் நிற்பவர்போல் நின்றுகொண்டிருந்தார். வலைக்காரர் அவர் காதோரம், "எப்படி மாப்ள, போதுமா? என் மதகைத் தூக்கிச் சாப்பிட்டிருச்சு" என்று கிசுகிசுத்தார்.

போதவில்லை. திட்டு கிடைத்த தைரியத்தில் மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வைத்தார்.

"தப்புதான் மச்சான். அடுத்த தடவை வலது தொட்டிக்கு என்னைப் பக்கத்துல விடாதீங்க, வலைக்காரரைக் காவல் போடுங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடை மூடின பரிதாபத்துலதான் என்னை வச்சிருக்கீங்களா? நான் இங்க வேலை பாக்கறவனா, விருந்தாளியா? பார்க்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மச்சான் குளத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் மீன்கள் மிச்சத் தீவனத்துக்காக வாயைத் திறந்துகொண்டு, சரியாக மாப்பிள்ளை நின்ற கரையோரமாகக் கூடியிருந்தன.

"ஆரம்பத்துல பரிதாபந்தான்" என்றார். "இல்லைன்னா என் தங்கச்சியே நம்பமாட்டா. இப்போ அது இல்ல. விருந்தாளியத் திட்டற வழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது. முன்னாடி இருந்தவன் மீன் தின்னுதா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்கமாட்டான், நீங்க பாக்கறீங்க. கொஞ்சம் ஓவராவே பாக்கறீங்க. தீவன ரூம் உங்களுது மாப்பிள்ளை. சாவி கொக்கியில தொங்குது, போய் எடுத்து இடுப்புல சொருகுங்க. இதுல பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல."